நான்கு நாள் இருட்டு

எச் பிளாக்கின் மூன்றாம் மாடியில் இருந்த ஜெசிந்தா மீன்தொட்டிக்குள் குடிபோன வருஷம்தான் கீழே அடிபம்பு வற்றியது என்று சிலரும், இல்லை, அது அதற்கடுத்த வருஷம் என்று சிலரும் சொல்வார்கள். ஆனால் அவள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதிலும், அன்றைக்கு அவள் சோறு வடித்து, கீரை கடைந்து, அப்பளம் பொரித்து, எல்லாவற்றையும் தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் போனாள் என்பதிலும் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

மதியம் ஒன்றரைக்கு அவளுடைய அண்ணன் பெலிக்ஸ் கடையிலிருந்து சாப்பிட வந்தான். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சமையலறையில் ஆள் இல்லை. உள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதன் கீழே மூன்றடித் தொட்டிக்குள், மரவேரின் மேல், சுண்டுவிரல் உயரத்தில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். காலையில் கட்டியிருந்த கத்தரிப்பூ நிறப் புடவைதான். அதன் முந்தானை தண்ணீரில் பிரிந்து ஒரு இலையைப் போல மெதுவாக ஆடியது. கப்பி மீன்கள் இரண்டு அவள் தோளருகே வந்து பார்த்துவிட்டுப் போயின. பெலிக்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் போனான். பிறகு குனிந்து, "சாப்ட்டியா ஜெசி?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் போய்த் தட்டை எடுத்துவந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டான். அப்பளம் இன்னும் நமுத்துப்போகவில்லை.

அந்த வீட்டின் உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பக்கத்து பிளாக் எழும்பியபோது அதன் சுவர் நேராக வந்து ஜன்னலை ஒட்டி நின்றுவிட்டது. அந்த அறையில்தான் அவர்களுடைய அம்மா பக்கவாதத்தில் ஒன்பது வருஷம் கிடந்தாள், அந்த ஒன்பது வருஷமும் ஜெசிந்தா அந்த அறையிலேயே இருந்தாள், துடைத்துவிட, திருப்பிப் போட, கஞ்சி ஊட்ட, ஊட்டியது வாயோரம் வழிந்தால் மறுபடி துடைக்க. பெலிக்ஸ் காலையில் வெளியே போய்விடுவான், தெருமுனையில் அவனுக்கு டியூப்லைட்டும் மிக்சியும் ரிப்பேர் பார்க்கும் கடை இருந்தது, கடைக்கு முன்னால் வேப்பமரமும் மரத்தின் மேல் நாள் முழுக்க வெயிலும் இருந்தன. நடுவில் ஆம்பூரிலிருந்து ஒருவர், மனைவியை இழந்தவர், தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஜெசிந்தாவைக் கேட்டு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பெலிக்ஸ்தான் பேசினான். "அம்மா விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும் சார், கொஞ்சம் பொறுங்க" என்றான். அவர் ஒன்றரை வருஷம் பொறுத்தார், அதற்குமேல் பொறுக்கவில்லை. ஜெசிந்தா அன்றைக்கும் கஞ்சி ஊட்டினாள், வாயைத் துடைத்தாள்.

அம்மா இறந்து, நாற்பதாம் நாள் பூசை முடிந்து, கட்டிலைத் தூக்கிக் கொடுத்த பிறகு அந்த அறையில் ஒரு கட்டில் அளவுக்கு வெறுமை இருந்தது. இரண்டாம் மாடியில் காலி செய்துகொண்டு போனவர்கள் ஒரு பழைய கண்ணாடித் தொட்டியை மாடிப்படியில் விட்டுப்போயிருந்தார்கள். ஜெசிந்தா அதைத் தூக்கிவந்து அந்த இடத்தில் வைத்தாள். மண்ணைச் சலித்து அடியில் பரப்பி, அதன்மேல் ஆற்றுமணலைப் போட்டு, கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் முனிரத்தினத்திடம் போய் நாடா நாடாவாக வளரும் வாலிஸ்னேரியாவும், பூப்போல விரியும் அம்பூலியாவும், இன்னும் பெயர் தெரியாத நாலு செடிகளும் வாங்கிவந்து நட்டாள், கூடவே ஒரு மரவேரும் சில கப்பி மீன்களும் போட்டாள். செடி இருட்டில் வளராது என்று முனிரத்தினம் சொல்லியிருந்தார். அண்ணனிடம் ஒரு விளக்கு கேட்டாள். வாழ்க்கையில் அவள் தன்னிடம் கேட்ட ஒரே பொருள் அது என்று பெலிக்ஸ் பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடையில் செத்துப்போன டியூப்லைட்டுகளும், ஒரு வாட் எல்இடி முத்துகளும் டப்பா டப்பாவாகக் கிடந்தன. பெலிக்ஸ் ஒரு அலுமினியச் சட்டத்தை அறுத்து, அதில் முப்பது வெள்ளை முத்துகளும் நடுநடுவே ஆறு சிவப்பு முத்துகளும் பசை தடவி ஒட்டி, வரிசையாக ஈயம் வைத்து, சூடு போகப் பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றையும் மேலே திருகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூரைக் கொக்கியில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டான். சுவிட்சைப் போட்டதும் அந்த அறையில் முதல்முறையாக மூலைகள் தெரிந்தன. சுவரில் அம்மாவின் எண்ணெய்த்தலை பட்ட கறை தெரிந்தது. ஜெசிந்தா கையை வெளிச்சத்தில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன்பிறகு வேலை முடிந்த நேரமெல்லாம் அவள் தொட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், உட்கார உட்கார அவள் சாப்பாடு குறைந்தது, சாப்பாடு குறையக் குறைய அவள் நடக்கும் சத்தமும் குறைந்தது, அப்படியே ஏழு மாதம் போய் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மறுநாள் காலை முதல் மாடி தெய்வானை, இட்லி சுட்டு விற்பவள், மாவரைக்க ஜெசிந்தா ஏன் கிரைண்டர் கேட்டு வரவில்லை என்று பார்க்க மேலே வந்தாள். பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம" என்றாள். ஜெசிந்தா உள்ளிருந்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. தெய்வானைதான் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து, அதன் வாயைக் கண்ணாடியில் அழுத்தி, அடிப்பக்கத்தில் காதை வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள்.

"உள்ள எப்டி இருக்குது?"

"வெளிச்சமா இருக்குதுக்கா" என்றாள் ஜெசிந்தா.

ஒரு வாரத்தில் எச் பிளாக்குக்கு அது பழகிவிட்டது. ரேஷன் கடைப் பெண் விரல் ரேகை எடுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். ஜெசிந்தாவின் கட்டைவிரல் கடுகளவு இருந்தது, அதை நனையாமல் மெஷினில் வைக்க வழியில்லை. அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்து, "உடல்நலமில்லைன்னு போட்டுக்கறேன்" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனாள். பங்குச் சாமியார் வந்தார். மந்திரித்த தீர்த்தத்தைத் தொட்டிக்குள் தெளிக்கலாமா என்று கேட்டார். அதில் உப்பு சேர்ந்திருக்கும், செடிக்கு ஆகாது என்று பெலிக்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். சாமியார் அதை ஒத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே சிலுவை போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பார்க்க வந்தவர்கள், அடுத்து பேச வந்தார்கள், ஏனென்றால் ஜெசிந்தாவிடம் சொன்னது வெளியே போகாது, அவள் சொல்லும் பதிலும் டம்ளரில் காதை வைத்தவளுக்கு மட்டும்தான் கேட்கும். குடிக்கிற புருஷனைப் பற்றிச் சொன்னார்கள், கலைத்த கருவைப் பற்றிச் சொன்னார்கள், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் பார்த்த ஒருத்தனைப் பற்றிச் சொன்னார்கள். வெறுங்கையோடு வர மனம் வராமல் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள்; பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டார்கள், ஒரு பருக்கை பொங்கலைப் போட்டார்கள், மல்லிகைப் பூவைப் போட்டார்கள். ஐ பிளாக்கிலிருந்தும் ஜே பிளாக்கிலிருந்தும் வந்தார்கள். அந்த வீட்டில் ஒன்பது வருஷமாக யாரும் வந்து உட்கார்ந்ததில்லை, நோய் வாசனை வரும் என்று வாசலிலேயே பேசிவிட்டுப் போவார்கள். இப்போது செருப்புகள் படிக்கட்டு வரைக்கும் கிடந்தன. பெலிக்ஸை அண்ணன் என்றார்கள், சார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவன் மடித்து வைத்திருந்த நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதை அவன் பின்னால் ஒருபோதும் மறுக்கவில்லை.

முனிரத்தினம் செடிக்கு ஆறு மணி நேரம் வெளிச்சம் போதும் என்று சொல்லியிருந்தார். ஆட்கள் வரவர அது எட்டாகி, பத்தாகி, காலை ஆறிலிருந்து இரவு படுக்கப் போகும்வரை என்று ஆனது. ஜெசிந்தாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெலிக்ஸ் இன்னும் பன்னிரண்டு முத்துகள் சேர்த்து ஒட்டினான். அவள் மரவேரின் உச்சியில் ஏறி, முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு அந்த வெளிச்சத்தில் இருந்தாள். செடிகள் நீர்மட்டம் வரை வளர்ந்து மடங்கி, இலைகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் சரம் சரமாக எழும்பின. அவள் ஒரு குமிழியைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வதைப் பார்த்த தெய்வானை, இந்தப் பொம்பளை சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று கீழே போய்ச் சொன்னாள்.

முதலில் வந்தது தவிட்டு நிறத் தூசு. மணலின்மேலும் இலைகளின்மேலும் படிந்தது, விரலால் தொட்டால் கலைந்தது, பெலிக்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் விழுந்தன, பழைய சவர பிளேடால் சுரண்டினால்தான் போயின. அதற்கடுத்து நூல் வந்தது, பச்சைத் தலைமுடிபோல, செடிக்குச் செடி பின்னி, மரவேரில் சுற்றி, ஒரு நாள் காலையில் பார்த்தபோது ஜெசிந்தாவின் பின்னலிலும் அது சேர்ந்து வளர்ந்திருந்தது. அவள் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவள் முந்தானையிலும், அதற்கு மறுநாள் கணுக்காலிலும் சுற்றியிருந்தது. பெலிக்ஸ் பல்துலக்கும் பிரஷை உள்ளே விட்டு நூலைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தான், வாரத்துக்கு ஒருமுறை மாற்றிய தண்ணீரை நாள் தவறாமல் மாற்றினான், மூன்று மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கினான். எடுக்க எடுக்க வந்தது. இலை ஓரங்களில் கறுப்புத் தாடிபோல வேறொரு பாசியும் முளைத்தது. கடைசியில் தண்ணீரே பச்சையாக ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றால்தான் ஜெசிந்தா தெரிந்தாள், டம்ளரில் காது வைத்தால் அவள் குரலுக்கு நடுவே இருமல் கேட்டது.

அவன் கொளத்தூருக்குப் போனான். முனிரத்தினம் ஒரு பாலித்தீன் பையில் மீனைப் போட்டு ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"எத்தினி மணி நேரம் லைட்டு போட்ற?"

பெலிக்ஸ் சொன்னான்.

"உள்ள இன்னாலாம் கொட்றாங்க?"

அதையும் சொன்னான்.

முனிரத்தினம் பையைக் கீழே வைத்தார். "இன்னா பெலிக்ஸு, கரண்ட் வேலை தெரிஞ்சவன் நீ. வெளிச்சம்னா அளவு வேணாமா? செடி தின்னது போக மிஞ்சினத பாசி தின்னும். நீ பாசிக்குப் பந்தி போட்டு வெச்சிக்கிற. அதத் திட்டி இன்னா பிரயோஜனம்?"

"இப்ப இன்னா பண்றது?"

"இந்த அளவுக்கு வந்துட்டா ஒண்ணே ஒண்ணுதான். நாலு நாளு இருட்டு. லைட்டை நிறுத்து, தொட்டிய கறுப்புத் துணியால நாலாப் பக்கமும் சுத்து. ஊசி முனை வெளிச்சம் உள்ள போகக்கூடாது. செடி தாங்கும், பாசி தாங்காது, செத்துரும். நடுவுல திறந்து பாக்கணும்னு தோணும். பாத்தியோ, அத்தனையும் வீணு. மறுபடி மொதல்லேர்ந்து." பையை மறுபடி எடுத்து ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே, "தங்கச்சி தாங்குமான்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் மீனுக்குத்தான் சொல்லுவேன்" என்றார்.

பெலிக்ஸ் வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடந்ததை எல்லாம் சொன்னான், முனிரத்தினம் திட்டியதையும் சேர்த்துச் சொன்னான். பச்சைத் தண்ணீருக்குள் இருந்து ஜெசிந்தா கண்ணாடிவரை வந்தாள். கையால் கண்ணாடியைத் துடைத்தாள். அவன் டம்ளரை வைத்தான்.

"வேற வழி இல்லியாண்ணா?"

"இல்லன்றாரு."

"லைட்ட மட்டும் நிறுத்திட்டுத் துணி போடாம இருந்தா? வாசக் கதவு வழியா வர்ற வெளிச்சம் போதும் எனக்கு."

"அதுவும் கூடாதாம்மா."

அவள் திரும்பி மரவேரைப் பார்த்தாள், செடிகளைப் பார்த்தாள், மேலே விளக்கைப் பார்த்தாள். "ஒம்பது வருஷம் இருந்தேன், நாலு நாளு இன்னா" என்றாள். அவள்தான் ஒரு ஏற்பாடு சொன்னாள். மணலில் செத்த நத்தை ஓடு ஒன்று கிடந்தது. அதை வைத்துக்கொண்டு மணிக்கொருமுறை கண்ணாடியில் மூன்று தட்டு தட்டுவாள், அவனும் வெளியிலிருந்து மூன்று தட்டு தட்ட வேண்டும், அப்போது அவள் இருப்பது அவனுக்கும் அவன் இருப்பது அவளுக்கும் தெரியும்.

கட்சிக் கூட்டத்துக்குக் கட்டி எஞ்சிய கறுப்பு பேனர் துணி தெய்வானை வீட்டில் இருந்தது. பெலிக்ஸ் அதை நான்காக மடித்துத் தொட்டியைச் சுற்றி, மேலேயும் மூடி, ஓரங்களுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினான். ஒட்டும்போது உள்ளே பார்க்கவில்லை. விளக்கை அணைத்ததும் உள் அறை பழைய உள் அறை ஆனது, மூலைகள் மறைந்தன, அவன் கடையைச் சாத்திவிட்டு அந்த இருட்டில் தொட்டியோடு தோள் ஒட்டி உட்கார்ந்தான்.

முதல் நாள் தட்டுகள் மணி தவறாமல் வந்தன. அவனும் தட்டினான். எச் பிளாக்கில் அன்றைக்கு யாரும் டிவி போடவில்லை. பெண்கள் வந்து வாசலில் நின்று, "தட்டுதா?" என்று கேட்டார்கள், "தட்டுது" என்று அவன் சொன்னதும் போனார்கள். இரண்டாம் நாளும் தட்டுகள் வந்தன. மூன்று தட்டுக்கு நடுவே இடைவெளி நீண்டது, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒருமுறை சாமி கும்பிட்டு முடிக்கலாம்போல இருந்தது, ஆனாலும் வந்தன. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு வந்தது. பன்னிரண்டுக்கு வரவில்லை. பெலிக்ஸ் தட்டினான். ஒரு மணிக்கு மறுபடி தட்டினான். டம்ளரைத் துணிமேல் வைத்துக் காது கொடுத்தான். கம்ப்யூட்டர் விசிறிகூட ஓடாத அந்த அறையில் அவனுடைய ரத்தம் ஓடுவதுதான் கேட்டது.

தெய்வானை மாவுக் கையோடு மேலே வந்தாள். "திறந்து பாரு பெலிக்ஸு."

"திறந்தா வீணாப் போய்டும்க்கா. ஒரு நாள்தான் பாக்கி."

"எது வீணாப் போய்டும்?"

"இத்தினி நாளு அவ பட்டது."

"அவ இருக்காளான்னே தெரியல, நீ அவ பட்டதப் பத்திப் பேசற. ஒரு ஓரமா டேப்ப எடு. நான் வெளிச்சம் வராம சேலையால மறைச்சுக்கறேன்."

அவன் கையை டேப்பின் ஓரத்தில் வைத்தான். ஓரம் கொஞ்சம் பெயர்ந்தும் இருந்தது. அவன் முனிரத்தினத்துக்கு போன் செய்தான். முனிரத்தினம் சொன்னதையே சொன்னார். பெலிக்ஸ் பெயர்ந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான். "தூங்கறா போலருக்குது" என்றான். "கொஞ்சம் பொறுங்கக்கா. ஒரு முடிவுக்கு வரட்டும்." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் அவன் காதிலேயே விழுந்தன. தெய்வானைக்கும் ஆம்பூர்க்காரரைத் தெரியும், அவன் அவரிடம் பேசிய அன்றைக்கு அவள்தான் அவருக்கு மோர் கொடுத்தாள். அவள் அவனைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

நான்காம் நாள் சாயங்காலம் சொன்ன நேரம் வந்ததும் அவன் துணியை அவிழ்த்தான். வாசலில் இருபது பேர் நின்றார்கள். விளக்கைப் போட்டான். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்திருந்தது. நூல் எல்லாம் வெளுத்து மணலில் விழுந்து கிடந்தது, கறுப்புத் தாடி சிவந்து உதிர்ந்திருந்தது, செடிகள் வெளிறி, ஆனால் உயிரோடு நின்றன. முனிரத்தினம் சொன்னதில் ஒரு பிசகு இல்லை. ஜெசிந்தாவைக் காணோம் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு மரவேருக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் ஏதோ அசைந்தது. அவள்தான். அவளுக்குப் பின்னால் இருந்த வாலிஸ்னேரியா இலை அவள் வழியாகத் தெரிந்தது. புடவையில் நிறம் இல்லை, கூந்தலில் நிறம் இல்லை, கழுவிய கண்ணாடித் துண்டைப்போல இருந்தாள். இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

டம்ளரை வைத்தான்.

"அணைச்சிடுண்ணா" என்றாள்.

அவன் அணைத்தான்.

அதற்குப்பின் அவளால் வெளிச்சத்தைத் தாங்க முடியவில்லை. அவன் பன்னிரண்டு முத்துகளின் இணைப்பை வெட்டினான், அப்புறம் இன்னொரு பன்னிரண்டு, அப்புறம் வரிசை வரிசையாக, கடைசியில் ஒரே ஒரு முத்தை வைத்து அதன்மேலும் பட்டர் பேப்பர் ஒட்டினான். அதற்கும் அவள் வேருக்குப் பின்னால் போனாள். வெளிச்சம் இல்லாமல் செடிகள் அடியிலிருந்து கரைய ஆரம்பித்தன, கரைந்த இலை தண்ணீரைக் கெடுத்தது, அவன் தண்ணீர் தூக்கினான். பெண்கள் வந்தார்கள், இருட்டில் ஆள் தெரியாமல் பேசக் கூச்சப்பட்டு, வருவதைக் குறைத்தார்கள். ஒருத்தி, தான் சொன்னதை ஜெசிந்தா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாளே என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். ரேஷன் அட்டையில் ஜெசிந்தாவின் பெயர் நீக்கப்பட்டது. பெலிக்ஸ் நல்ல சட்டையை மறுபடி மடித்து வைத்தான்.

ஒரு மத்தியானம், மழைக்கு முன்னால் வருகிற புழுக்கத்தில், அவன் டம்ளரைக் கண்ணாடியில் வைத்து, கேட்கக்கூடாது என்று மூன்று வாரமாக வைத்திருந்ததைக் கேட்டான்.

"மூணா நாளு ஏன் ஜெசி தட்டல? முடியலியா?"

அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"முடிஞ்சிதுண்ணா."

"அப்புறம்?"

"தட்டறத நிறுத்தினா நீ பயந்துபோய்த் திறப்பன்னு நெனச்சேன்."

அவன் காதை இன்னும் அழுத்தினான். டம்ளரின் அடி விளிம்பு காதில் வெட்டியது.

"தெய்வானக்கா பேசனது கேட்டுது. நீ டேப்புல கை வெச்சதுகூடக் கேட்டுது. கண்ணாடிகிட்ட வந்து நின்னுகிட்டேன், திறந்ததும் உன் மூஞ்சி தெரியட்டும்னு. அப்பல்லாம் எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிது." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, "பரவால்லண்ணா. பாசி போய்டுச்சில்ல" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அவன் தினமும் டம்ளரை வைத்தான், பேசினான், கடையில் என்ன வேலை வந்தது, தெய்வானை வீட்டில் என்ன சண்டை, வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று எல்லாம் சொன்னான், தட்டியும் பார்த்தான். கப்பி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசிச் செடியும் கரைந்து தண்டு மட்டும் மிதந்தது. பதினாறு நாள் பார்த்துவிட்டு அவன் கீழே போய் தெய்வானையைக் கூப்பிட்டான். அவள் தன்னிடம் இருந்ததில் இழை நெருக்கமான மெல்லிய வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னும் மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நான்கு பேரும் வேட்டியின் நான்கு முனைகளையும் பிடித்துக்கொண்டார்கள். அடியில் அண்டாவை வைத்தார்கள். பெலிக்ஸ் ஒவ்வொரு சொம்பாக மொண்டு துணியின் நடுவில் ஊற்றினான், தண்ணீர் வடியும்வரை நிறுத்தி, டார்ச்சைத் துணிக்கு அடியிலிருந்து அடித்து, ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். நத்தை ஓடு வந்தது. அழுகிய இலை வந்தது. ஒரு மல்லிகைக் காம்பு வந்தது. பெலிக்ஸ் மணலையும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு அலசினான். மூன்று மணி நேரம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பார்த்துத் தெரிகிற மாதிரி அவள் இருந்தாளா, அல்லது தண்ணீரிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குப் போய்விட்டாளா என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை.

அண்டாக்களிலும் வாளிகளிலும் நின்ற தண்ணீரை என்ன செய்வது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சாக்கடையில் ஊற்ற யாராலும் முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து தெய்வானை இறங்கிப்போய்த் தன் வீட்டுப் பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்து வாசலில் வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி எடுத்துவந்தாள். லாரித் தண்ணீருக்கு நிற்கிற மாதிரி, மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகக் குடங்கள் வாசலிலிருந்து இரண்டாம் மாடித் திருப்பம்வரை நின்றன. அங்கே எப்போதும் நடக்கிற தள்ளுமுள்ளு அன்றைக்கு இல்லை, முன்னால் நின்றவள் பின்னால் நின்றவளுக்கு வழி விட்டாள். பெலிக்ஸ் ஒவ்வொரு குடத்திலும் சத்தம் வராமல், சொம்பைக் குடத்தின் உள்பக்கம் சாய்த்து ஊற்றினான். ஊற்றியதை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் படியில் மெதுவாக, ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கிப் போனார்கள். சிலர் தொட்டிச் செடிக்கு ஊற்றினார்கள். சிலர் மூடி போட்டு மூலையில் வைத்தார்கள். இன்றைக்கும் அதை எடுத்துப் புழங்காமல் வைத்திருக்கும் வீடுகள் ஐ பிளாக்கில் இரண்டு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு பெலிக்ஸிடம் அரை வாளி மிஞ்சியது. அவன் அதை வெளி அறைக்குக் கொண்டுபோய், வாசல் வெயில் தரையில் விழுகிற இடத்தில் வைக்கப் போனவன், நின்று, கொஞ்சம் தள்ளி நிழலில் வைத்தான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டான். விரல்களை விரித்து, அசையாமல் வைத்துக்கொண்டான். வெயில் தரையைத் தாண்டி, சுவரில் ஏறி, வாசலை விட்டுப் போனது. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கின. அவன் கையை எடுக்கவில்லை. அவன் கையில் எதுவும் வந்து படவும் இல்லை.